சூடு எங்கே இருக்கிறது? வெப்ப இயற்பியலும் தமிழ்ச் சொற்களும்

பல்கலைக்கழகத்தில் இயற்பியலை முதன்மைப் பாடமாகப் பயிலும் மாணவர், தொடக்க ஆண்டுகளிலேயே வெப்ப இயற்பியல் என்னும் பாடத்தைச் சந்திக்கிறார். குவாண்டம் இயற்பியலில் நுழைவோருக்குச் சொற்களும் புதியவை, கருத்துகளும் புதியவை. எனவே அவர் விழிப்போடு நுழைகிறார். வெப்ப இயற்பியலில் நிலைமை வேறு. வெப்பம், வெப்பநிலை, வேலை, ஆற்றல் என அங்கு வரும் சொற்கள் அனைத்தும் அவர் சிறுவயது முதலே அறிந்தவை. ஆங்கிலத்தில் பயின்றாலும் இதே நிலைதான். அறிந்த சொல் என்பதாலேயே அதன் பொருளும் அறிந்ததே என்று மனம் எண்ணிவிடுகிறது. இப்பாடத்தின் முதற்சில வாரங்களில் நேரும் தடுமாற்றங்களுள் கணிதத்தால் வருவன சிலவே; சொல்லால் வருவன பல. மொழியியல் கற்ற ஒருவன் இப்பொருளைப் பற்றிப் பேசத் துணிவதற்கு அதுவே காரணம்.

தேக்கா நிலையத்து உணவுக் கடை ஒன்றில் ஒரு குவளைத் தேநீர் வாங்குகிறோம் என்று கொள்வோம். ஆவி பறக்கிறது. 'இத்தேநீரில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது?' என்று ஒரு மாணவரைக் கேட்டால், நிறையையும் வெப்பநிலையையும் கேட்டறிந்து கணக்கிடத் தொடங்குவார். அவருடைய பேராசிரியரோ, அக்கேள்விக்கு விடையே இல்லை என்பார். விடை தெரியவில்லை என்பதன்று. கேள்வியே பொருளற்றது என்பதுதான். தேநீரில் ஆற்றல் இருக்கிறது. அதற்கு அக ஆற்றல் என்று பெயர். வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு, வெப்பநிலை வேறுபாட்டின் காரணமாக, ஆற்றல் கடந்து செல்லும் முறை. கடந்து செல்லும்போது மட்டுமே அது வெப்பம். போய்ச் சேர்ந்தபின் அதற்கு அப்பெயர் இல்லை.

இவ்வேறுபாட்டை விளக்கச் சிராங்கூன் சாலைக் கடைகளின் பழைய கணக்கேடுகளே போதும். அவற்றில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்திகள் இருக்கும். மாலையில் பெட்டியைத் திறந்தால் எண்ணக்கூடியது இருப்பு மட்டுமே. 'இப்பெட்டியில் எவ்வளவு வரவு இருக்கிறது?' என்று எந்தக் கணக்கரும் கேட்பதில்லை. வரவு என்பது ஒரு நிகழ்வு; இருப்பு என்பது ஒரு நிலை. அக ஆற்றல் இருப்பு. வெப்பமும் வேலையும் வரவு செலவின் இருவகைகள். வெப்பநிலை வேறுபாட்டால் வந்து சேர்ந்தால் வெப்பம் என்கிறோம். உந்தியோ அழுத்தியோ கலக்கியோ சேர்க்கப்பட்டால் வேலை என்கிறோம். நூறு வெள்ளி இருப்பை மட்டும் பார்த்து, அதில் எத்தனை வெள்ளி ரொக்கமாக வந்தது, எத்தனை வெள்ளி காசோலையாக வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. வெதுவெதுப்பான நீரை மட்டும் பார்த்து, அதை அடுப்பில் வைத்தார்களா, விடாமல் கலக்கினார்களா என்று சொல்ல இயலாது என்பதும் அத்தகையதே.

வெப்ப இயக்கவியலின் முதல் விதி இக்கணக்கேட்டின் ஒரு வரிதான்: இருப்பில் நேர்ந்த மாற்றம், வெப்பமாக வந்ததிலிருந்து வேலையாகச் சென்றதைக் கழித்தால் கிடைப்பது. இதைக் குறியீடுகளில் எழுதும்போது அக ஆற்றலின் முன்னால் மட்டும் மாற்றத்தைக் குறிக்கும் டெல்டா என்னும் கிரேக்க எழுத்து வரும். வெப்பத்தின் முன்னாலும் வேலையின் முன்னாலும் அது வராது. விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழைகளுள் ஒன்று, வெப்பத்தின் முன்னாலும் அவ்வெழுத்தை எழுதிவிடுவது. 'வெப்பத்தின் மாற்றம்' என்று எழுதும் மாணவர், வெப்பத்தை ஓர் இருப்பாகக் கருதுகிறார் என்பதற்கு அச்சிறு முக்கோணமே சான்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சிங்கப்பூரில் இயற்பியலைத் தமிழில் யார் பயில்கிறார்கள்? தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன்பின் இந்நாட்டில் தமிழ் ஒரு பாடமாகப் பயிலப்படுகிறதே அன்றிப் பாடங்களைப் பயிற்றும் மொழியாக இல்லை. பல்கலைக்கழகக் கல்வி முழுவதும் ஆங்கிலத்தில். இந்நிலையில் வெப்ப இயற்பியலின் தமிழ்ச் சொற்களை ஆராய்வது பழம்பொருள் காட்சியகத்தில் உலவுவது போன்றதன்றோ என்று கேட்பாருண்டு. என் கருத்து வேறு. தேர்வை எம்மொழியில் எழுதினாலும், சூடு என்றால் என்ன என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தேர்வு மொழியால் மட்டும் அமைவதில்லை. வீட்டில் வழங்கும் மொழியும் அதில் பங்கு கொள்கிறது. இருமொழி அறிந்தவருக்கு ஒரு வசதி உண்டு: ஒரு கருத்தை ஒரு சொல் மறைக்கும்போது மற்றொரு சொல்லை எடுத்து அருகில் வைத்துப் பார்க்கலாம்.

அவ்வாறு வைத்துப் பார்ப்போம். சூடு என்னும் சொல் சுடு என்னும் வினையடியிலிருந்து முதலெழுத்து நீண்டு பிறந்தது. கெடு என்பது கேடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும், படு என்பது பாடு ஆவதும் இம்முறையில்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று உயர்நிலை மாணவரும் அறிவர். அதாவது, சூடு என்பது பிறப்பால் ஒரு பொருளின் பெயர் அன்று. ஒரு செயலின் பெயர். வெப்பம் என்னும் சொல்லும் அத்தகையதே. விரும்பு என்பதிலிருந்து விருப்பு, விருப்பம் என்பன வருவது போல, வெம்பு என்பதிலிருந்து வெப்பு, வெப்பம் என்பன வருகின்றன. பழுக்காமல் வெயிலில் வாடிய காயை வெம்பிய காய் என்கிறோமே, அதே வெம்புதல்தான். இயற்பியலில் பயன்படும் அழுத்தம் என்னும் சொல்லும் அழுந்து என்னும் வினையோடு இவ்வாறே தொடர்புடையது. வெம்மை, வெயில், வெந்நீர், வேனில் என்பன எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். தொல்காப்பிய உரியியல் வெம்மைக்கு விருப்பம் என்று பொருள் கூறுவதையும் இங்கு நினைவுகூரலாம். அதுவும் ஒன்றை நோக்கிச் செல்லும் ஓர் இயக்கமே.

ஆயினும் இதனைக் கொண்டு, நம் முன்னோர் வெப்ப இயக்கவியலின் முதல் விதியை அறிந்திருந்தனர் என்று மேடையேறி முழங்குவது தகாது. சொற்பிறப்பு வேறு, வழக்கு வேறு. தொழிற்பெயராகப் பிறந்த சூடு, நம் பேச்சில் எப்போதோ பண்டமாகிவிட்டது. சோற்றில் சூடு இருக்கிறது என்கிறோம். உடம்பில் சூடு ஏறிவிட்டது, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு இறங்கும் என்கிறோம். ஏறுவதும் இறங்குவதும் தங்குவதும் பண்டத்தின் இயல்புகள். குளிரையும் அவ்வாறே நடத்துகிறோம்: 'கதவைச் சாத்து, குளிர் வெளியே போகிறது' என்று குளிரூட்டிய அறைகளில் ஒலிக்காத நாள் இல்லை. வெளியே போவது குளிர் அன்று. உள்ளே வருவதுதான் வெப்பம். இலக்கணம் காட்டும் சொல்லின் பிறப்பை மாணவருக்குச் சொல்வது, வழக்கு மறைத்துவிட்ட ஒன்றை மீண்டும் காட்டுவதற்காக மட்டுமே.

வெப்பநிலை என்னும் சொல் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் நல்ல வெற்றிகளுள் ஒன்று என்பேன். முன்னைய பாடநூல்களில் உஷ்ணம், உஷ்ணநிலை என்று வழங்கியவை இவ்விரண்டையும் போதிய அளவு பிரித்துக் காட்டவில்லை. 'நிலை' என்னும் பின்னொட்டு, இஃது ஒரு பொருள் இப்போது இருக்கும் நிலையைப் பற்றிய அளவு, அது எவ்வழியில் அந்நிலைக்கு வந்தது என்பதைப் பற்றியது அன்று என்று கூறிவிடுகிறது. இயற்பியலார் நிலைச்சார்பு என்று அழைப்பதும் இதனையே. ஆனால் அதன் முற்பாதியில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பத்தின் நிலை என்று பிரித்துப் பொருள் கொண்டால், உள்ளே சேர்ந்துள்ள வெப்பத்தின் மட்டத்தைக் காட்டும் அளவு என்ற எண்ணம் தோன்றும். வெப்பநிலையைக் காட்டும் கருவிக்கு நெடுங்காலம் வெப்பமானி என்றே பெயர் வழங்கியதும் அவ்வெண்ணத்துக்குத் துணைபோயிற்று. இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வெப்பநிலைமானி என்று திருத்தமாக எழுதுகின்றன. நீளம் கருதி அதனைச் சுருக்கக் கூடாது.

வெப்பத்தைப் பண்டமாகக் கருதியது தமிழரின் பேச்சு வழக்கு மட்டுமன்று. ஐரோப்பிய அறிவியலே ஒரு நூற்றாண்டுக் காலம் அவ்வாறு கருதியது. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக், உருகும் பனிக்கட்டி வெப்பநிலை ஏறாமலே வெப்பத்தை ஏற்றுக்கொள்வதைக் கண்டு, வெப்பமும் வெப்பநிலையும் வேறென்று நிறுவினார். லவாய்சியே அப்பண்டத்துக்குக் கலோரிக் என்று பெயரிட்டார். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைக் குடைவதை மேற்பார்த்த ரம்ஃபோர்டு, குடையும் வரை வெப்பம் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதைக் கண்டு 1798இல் அதனை எழுதினார்: பண்டமாயின் ஒருநாள் தீர்ந்துபோக வேண்டுமே! 1840களில் ஜூல் நீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி, இத்தனை வேலைக்கு இத்தனை வெப்பம் என்று அளந்து காட்டினார். பண்டக் கொள்கை மறைந்தது. அதன் சொற்கள் மறையவில்லை. அவற்றை நாமும் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். நீர் கொதித்து ஆவியாகும்போது வெப்பம் சென்றுகொண்டே இருக்கிறது, வெப்பநிலையோ 100 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது. பிளாக் இதனை ஒளிந்திருக்கும் வெப்பம் என்று பொருள்படும் இலத்தீன் அடிச்சொல்லால் குறித்தார். இலங்கைத் தமிழில் இது மறைவெப்பம். தமிழ்நாட்டில் உள்ளுறை வெப்பம். உள்ளுறை என்றதும் சங்க இலக்கியம் பயின்றோர்க்கு உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும்; அழகிய சொல். அழகு நம்மை ஏமாற்றவும் கூடும். ஒரு கிலோகிராம் நீரை அவ்வெப்பநிலையில் முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். பிறந்த ஆவி ஏறத்தாழ 1.67 கனமீட்டர் இடத்தைப் பிடிக்கிறது. அவ்விடத்தைப் பிடிக்கச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளியாக வேண்டும். அத்தள்ளுதலுக்குச் செலவாவது 170 கிலோஜூல் அளவு. அது நீராவிக்குள் உறையவில்லை. வேலையாக வெளியே சென்றுவிட்டது. எஞ்சியது மூலக்கூறுகளைப் பிணைப்பிலிருந்து பிரிக்கச் செலவாகி அக ஆற்றலாயிற்று. ஆகவே 'உள்ளுறை' என்பது பெரும்பகுதிக்குத்தான் பொருந்துகிறது. உறைவதும் வெப்பம் அன்று, ஆற்றல். இட்டலிக் கொப்பரையின் மூடி ஆவியில் துள்ளுவதைக் கண்டவர் அவ்வெளிச்செலவின் ஒரு துளியைக் கண்டவரே. தன்வெப்ப ஏற்புத்திறன் என்று தமிழ்நாட்டிலும், தன்வெப்பக் கொள்ளளவு என்று இலங்கையிலும் வழங்கும் தொடர்களிலும் இதே பழம்பண்டத்தின் சாயல் உண்டு. ஏற்பு என்பது செயலைக் குறிப்பதால், கொள்கலத்தை நினைவூட்டும் கொள்ளளவை விட அது ஒரு படி மேல் என்பது என் எண்ணம்.

இவ்விரு வழக்குகளையும் மேலும் ஒப்பிட வேண்டியுள்ளது. ஏனெனில் சிங்கப்பூர் மாணவர் தமிழில் அறிவியல் தேடினால் இரண்டும் கலந்தே அவர் கண்ணில் படும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலைத் தமிழில் வெளியிட்டார். தலைப்பே அவர் ஒலிபெயர்ப்புக்கு அஞ்சாதவர் என்பதைக் காட்டும். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். விடுதலைக்குப் பின் தமிழ்நாடும் இலங்கையும் தத்தம் பாடநூல்களுக்குச் சொற்களைத் தனித்தனியே வகுத்துக்கொண்டன. பயன், ஒரே மொழியில் இரு இயற்பியல்கள். தமிழ்நாட்டார் ஆற்றல் என்பதை இலங்கையர் சக்தி என்பர். ஒரு நொடியில் செய்யப்படும் வேலையைத் தமிழ்நாட்டார் திறன் என்பர். இலங்கையர் வலு என்பர். அங்கு அக ஆற்றல், இங்கு அகச்சக்தி. ஆற்றலும் சக்தியும் திறனும் வலுவும் பொதுவழக்கில் ஒரே பொருட்சொற்கள் என்பதால், ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குத் தாவும் மாணவர் மின்விளக்கின் வாட் அளவையும் ஜூல் அளவையும் குழப்பிக்கொள்வது எளிது.

இதில் இலங்கைத் தமிழ் மாணவரின் நிலை நமக்குப் படிப்பினை தருவது. அவர் உயர்தரம் வரை இயற்பியலைத் தமிழிலேயே கற்கிறார். பல்கலைக்கழக அறிவியல் பீடத்தில் நுழைந்ததும் பயிற்றுமொழி ஆங்கிலமாகிவிடுகிறது. முதல் ஆண்டில் அவர் கணக்கைப் புதிதாகக் கற்கவில்லை. அறிந்த கருத்துக்குப் புதுப் பெயர் கற்கிறார். சிங்கப்பூர் மாணவர் இதற்கு நேர்மாறு: அறிந்த சொல்லுக்குப் புதுப் பொருள் கற்கிறார். எது கடினம் என்று கேட்டால், இரண்டாவதே என்று சொல்வேன்.

பொருள் தெளிந்து ஆக்கிய சொல் எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வாயுவை வெப்பம் உட்புகவும் வெளியேறவும் விடாமல் சுருக்குவதோ விரிப்பதோ உண்டு. இதற்குரிய ஆங்கிலச் சொல், ஊடே கடந்து செல்லாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இலங்கைக் கலைச்சொல்லாக்கத்தினர் செல்லுதல் என்னும் பொருளுடைய சேறல் என்பதை எடுத்துச் 'சேறலில்லாத' என்றனர். கிரேக்கத்தின் நேர்ப்பெயர்ப்பு, ஆனால் இன்றைய மாணவர்க்குச் சேறலும் விளங்காது, எது சேறலில்லை என்பதும் விளங்காது. தமிழ்நாட்டில் 'வெப்பம் மாறா நிகழ்வு' என்று ஒரு வழக்கு இருந்தது. வெப்பநிலை மாறா நிகழ்வு என்பது முற்றிலும் வேறான மற்றொரு நிகழ்வு. இரண்டுக்கும் இடையே 'நிலை' என்னும் ஒரு சொல்லே வேலி! மேலும், வெப்பம் மாறாமல் இருக்க அஃது ஓர் இருப்பும் அன்று. இப்போதைய பாடநூல்கள் 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்கின்றன. நீளமான தொடர்தான். ஆனால் அதைக் கேட்ட மாணவர், பரிமாற்றம் மட்டுமே இல்லை, வெப்பநிலை மாறலாம் என்பதைச் சொல்லிலிருந்தே உணர்வார். 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை வெப்பம் வெளியேறாத வகையில் பாதிப் பருமனுக்குச் சுருக்கினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 123 டிகிரிக்கு உயர்கிறது. வெப்பம் சிறிதும் வரவில்லை. வேலை மட்டுமே வந்தது. மிதிவண்டிக் காற்றடிப்பான் சுடுவது இதனால்தான்.

இனி இரண்டாம் விதிக்கு வருவோம். இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் உண்மையாகவே ஒரு கருவியைக் கையில் தருகிறது. ஆங்கிலத்தில் பனிக்கட்டி உருகுவதற்கும் ஒருவர் அதை உருக்குவதற்கும் ஒரே வினைச்சொல். தமிழில் உருகு, உருக்கு என்று இரண்டு. தேநீர் ஆறுகிறது, கடைக்காரர் தேநீரை ஆற்றுகிறார். மணம் பரவுகிறது, ஒருவர் பரப்புகிறார். தன்வினை, பிறவினை என்று நாம் வகுப்பறையில் பயிற்றும் இப்பாகுபாடு, தானே நிகழ்வதற்கும் பிறர் நிகழ்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டு வாங்கிவிடுகிறது. (ஆற்று என்னும் வினையின் தொழிற்பெயரும் ஆற்றல்தான். தேநீரை ஆற்றல் என்பது தேநீர் ஆற்றலை இழத்தல் என்று ஒரு சிலேடை சொல்லி, மாணவரைச் சிரிக்க வைக்கலாம்.) கிளாசியஸ் 1850களில் வகுத்த இரண்டாம் விதியின் சாரம், குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகச் செல்லாது என்பது. மாணவர் பலர் 'தானாக' என்பதை விட்டுவிட்டு, வெப்பம் அவ்வாறு செல்லவே செல்லாது என்று மனப்பாடம் செய்கின்றனர். பிறகு குளிர்பதனப் பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்று திகைக்கின்றனர். செல்லாது, செலுத்தலாம் என்று இரு தமிழ்ச் சொற்களால் அதனை எழுதிப் பாருங்கள். செல் என்பது தன்வினை, செலுத்து என்பது பிறவினை. பிறவினை வந்தால் எழுவாய் ஒன்று வேண்டும். செலுத்துவது யார், அதற்கு ஆகும் செலவு என்ன என்ற கேள்வி தானே எழும்.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் நடந்தவர்கள் அச்செலவை உடலால் உணர்ந்திருப்பர். வரிசையாகப் பொருத்தப்பட்ட குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகள் வெங்காற்றை ஊதிக்கொண்டிருக்கும். ஒரு குளிரூட்டி ஒரு கிலோவாட் மின்திறனைக் கொண்டு அறையிலிருந்து மூன்று கிலோவாட் வீதத்தில் வெப்பத்தை அகற்றுவதாகக் கொள்வோம். சந்தில் கொட்டப்படுவது மூன்று அன்று, நான்கு. அகற்றிய மூன்றோடு, செலுத்துவதற்குச் செலவிட்ட ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. குளிரூட்டி குளிரை ஆக்குவதில்லை. வெப்பத்தை வேறிடத்துக்கு மாற்றுகிறது, மாற்றும்போது கூட்டியும் விடுகிறது.

ஆறும் தேநீருக்கே மீள்வோம். 200 கிராம் தேநீர் 80 டிகிரியிலிருந்து அறையின் 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 42 கிலோஜூல் வெப்பம் அறைக்குச் செல்கிறது. ஆவியாதலை விட்டுவிட்டு எளிமையாகக் கணக்கிடுகிறேன். முதல் விதியின்படி இழந்ததும் பெற்றதும் சமம், கணக்கு நேராகிவிட்டது. அப்படியானால் அறையிலிருந்து அதே 42 கிலோஜூல் தேநீருக்குத் திரும்பி அது மீண்டும் சூடாவது ஏன் நிகழ்வதில்லை? இதற்கு வேறோர் ஏடு வேண்டும். அதில் பதியப்படும் அளவே என்ட்ரோபி. தேநீர் கெல்வினுக்கு ஏறத்தாழ 128 ஜூல் அளவு என்ட்ரோபியை இழக்கிறது. அறை ஏறத்தாழ 138 பெறுகிறது. இரண்டும் சமமல்ல. நிகரமாக 10 கூடிவிட்டது. இவ்வேட்டின் மொத்தம் கூடலாம், மாறாதிருக்கலாம், குறையாது. திரும்பும் நிகழ்வு அதைக் குறைக்க வேண்டியிருப்பதால் அது தானாக நிகழ்வதில்லை.

என்ட்ரோபி என்று ஒலிபெயர்த்து எழுதியதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். இப்பெயரை 1865இல் ஆக்கிய கிளாசியஸ், மாற்றம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை எடுத்து, ஆற்றலுக்குரிய ஐரோப்பியச் சொல்லின் ஓசை அமையுமாறு வடித்தார். எந்த வாழும் மொழிக்கும் உரிமையாகாத ஒரு சொல்லை அவர் வேண்டுமென்றே தேர்ந்தார். இலங்கையில் இது எந்திரப்பி எனத் தமிழ் ஓசை பெற்றது. எந்திரம் என்னும் சொல்லோடு இதற்கு உறவில்லை. எனினும் கார்னோ 1824இல் நீராவி எந்திரங்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்தே இக்கருத்தின் கிளை தொடங்குவதால், பொய்யுறவும் பொருத்தமாகவே வாய்த்தது. சிதறம் என்று தூய தமிழில் ஆக்கினோரும் உளர். அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். பொருட்கள் சிதறிக் கிடக்கும் அறை ஒன்றின் படம் உடனே மனத்தில் தோன்றுகிறது. அறையைப் பெருக்கினால் என்ட்ரோபி குறையும் என்ற எண்ணத்தில் போய் முடிகிறது. வெப்பத்துக்கு நேர்ந்தது இங்கும் நேரும்: பழகிய சொல் பழகிய பொருளை இழுத்து வரும். கருத்து முற்றிலும் புதியதாயின் அந்நியச் சொல்லே சில வேளைகளில் நேர்மையானது. இரயில் நிலையப் பலகையில் லிட்டில் இந்தியா என்று தமிழெழுத்தில் எழுதியிருப்பதால் நம் மொழி குறைந்துவிடவில்லை. தேக்கா என்று நாம் அழைப்பதும் நின்றுவிடவில்லை.

தமிழாசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முன்வைக்கலாம். தன்வினை பிறவினை பாடத்தின்போது, வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு உருகு, ஆறு, செல், பரவு என்பவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு பிறவினை வாக்கியத்திலும் 'செலவு யாருடையது?' என்று கேட்கச் செய்யலாம். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவர் அவ்வகுப்பில் இருந்தால், அவரே மற்றவர்க்கு விளக்குவார்.

இவை எல்லாம் தேர்வறைக்கு மட்டும் உரியவை அல்ல. சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் பதிவானது. அதே 2023இன் அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிப்புற வேலையிடங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியது. அவற்றின்படி ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32 டிகிரியை எட்டினால் கடும் உடலுழைப்புச் செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தர வேண்டும். இந்த 32, நாம் நாள்தோறும் வானிலை அறிக்கையில் கேட்கும் 32 அன்று. ஈரத்துணி சுற்றிய வெப்பநிலைமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கருங்கோளத்தினுள் உள்ள அளவில் பத்தில் இரண்டு பங்கு, சாதாரணக் காற்று வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கு ஆகிய மூன்றையும் கூட்டிப் பெறுவது அது. காற்று 32, ஈரக்குமிழ் 26, கோளம் 33 என்றிருக்கும் மேகமூட்டமான நாளில் கூட்டுத்தொகை 28தான். காற்று 33, ஈரக்குமிழ் 28, கோளம் 46 என்றானால் 32.1 ஆகிவிடும். காற்றின் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரிதான் கூடியது, ஓய்வு கட்டாயமாகிவிட்டது.

ஈரக்குமிழுக்கு ஏழு பங்கு கொடுத்ததன் காரணம் நாம் முன்னர்க் கண்ட அதே ஆவியாதல். தோலின் வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் வியர்வை உலர்ந்தால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் உடலைவிட்டுச் செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது; வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பகுதியில் கூடும் கட்டுமான ஊழியர்கள் பலர் தமிழே படிப்பவர்கள். அவர்களுக்கான அறிவிப்புப் பலகையில் '32 டிகிரி வெப்பம்' என்று மட்டும் எழுதினால், அன்றாடம் உழைக்கும் வெயில்தானே என்று கடந்து செல்வர். வெப்பம் அன்று, வெப்பநிலை. அதுவும் வெறும் வெப்பநிலை அன்று, ஈரமும் வெயிலும் சேர்ந்த வெப்பநிலை. ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்னும் தொடர் பலகைக்கு நீளமாயின், 'ஈரவெயில் அளவு' என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழ் எண்ணையும் முழுப்பெயரையும் தரலாம் என்பது என் பரிந்துரை. இதனினும் நல்ல சொல் மாணவர் எவருக்கேனும் தோன்றினால் அதையே எழுதட்டும்.